லே மான் கார்கள் என் அலமாரியில்: 1:43 மாதிரிகளோடு பல ஆண்டுகள்

1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லே மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை வென்றது ஒரே கார்தான்: ஃபோர்டு ஜிடி40, அடிச்சட்ட எண் 1075. முதல் ஆண்டு 9 என்ற எண்ணோடும் மறு ஆண்டு 6 என்ற எண்ணோடும் ஓடியது. இரண்டின் 1:43 (நிஜக் காரில் 43இல் ஒரு பங்கு) மாதிரிகளும் என்னிடம் உண்டு. ஒரே காரை எதற்கு இருமுறை வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், நான் சேர்ப்பது பந்தயங்களை என்று சொல்வேன்.

1969ஆம் ஆண்டுக் காரின் பக்கத்திலேயே 64ஆம் எண் போர்ஷே 908ஐ வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு ஓட்டுநர்கள் சாலையைக் கடந்து ஓடிப்போய்க் காரில் ஏறும் பழைய தொடக்க முறையை எதிர்த்து, ஃபோர்டின் ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் நிதானமாக நடந்து போய் ஏறினார். இருக்கைப் பட்டையை முழுதாகப் பூட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். 24 மணி நேரம் கழித்து அவர் அந்த 908ஐ முந்தி வென்றது சுமார் 120 மீட்டர் இடைவெளியில்! 908இல் தோற்றவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஹெர்மன். அடுத்த ஆண்டு மழையில் ரிச்சர்ட் ஆட்வுட்டுடன் சேர்ந்து, சிவப்பும் வெள்ளையுமான 23ஆம் எண் 917கே காரில் போர்ஷேவுக்கு லே மானின் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித் தந்துவிட்டு, பந்தயத்திலிருந்தே ஓய்வு பெற்றார். என் அலமாரியில் மூன்றாவதாக நிற்பது அந்த 917. இந்த மூன்றையும் பிரித்து வைக்க எனக்கு மனம் வராது.

அளவைப் பொறுத்தவரை நான் 1:43 பக்கம். ஓ கேஜ் பொம்மை ரயில்களிலிருந்து வந்த அளவு இது. 1:18 மாதிரிகளில் கதவு திறக்கும், எஞ்சின் தெரியும், அழகுதான். ஆனால் அந்த அளவில் ஒரு 917 மட்டுமே 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஒரு பந்தயத்தில் ஓடிய நான்கைந்து கார்களை அருகருகே நிறுத்த வீட்டில் இடமிருக்காது. 1:43இல் ஜிடி40இன் உயரம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. நிஜக் காரே 40 அங்குல உயரம்தான், பெயரில் உள்ள 40 அதுவே.

ரெசின் என்னும் வார்ப்புப் பிசினா, டை-காஸ்ட் எனப்படும் அச்சில் வார்த்த உலோகமா? உலோகம் கையில் கனமாக இருக்கும். ஆனால் வெற்றி பெறாத, அதிகம் பேசப்படாத கார்கள் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பார்க் போன்ற ரெசின் தயாரிப்புகளில்தான். ரெசினைச் சிறு எண்ணிக்கையில் வார்க்கலாம் என்பதால் அது சாத்தியமாகிறது. பழைய உலோக மாதிரிகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உடல் உள்ளிருந்தே உப்பி வெடிக்கும், அதற்கு மருந்தே கிடையாது. ரெசினில் துடைப்பான், பக்கக் கண்ணாடி போன்ற மெல்லிய பாகங்கள் காலப்போக்கில் கழன்று விழும். அவற்றை ஒட்டச் சூப்பர் பசையைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி ஜன்னல்களை வெண்மையாக்கிவிடும். வெள்ளை மரப்பசையில் ஒரு துளி போதும்.

நீண்ட காலத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது டயர். மென்மையான டயரிலிருந்து கசியும் பொருள் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கரைத்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் காரைச் சற்றே தூக்கி, டயர் தட்டில் படாதபடி நிறுத்துகிறேன். 1991இல் வென்ற மஸ்டா 787பியின் ஆரஞ்சும் பச்சையும் வெளுத்துவிடக் கூடாது என்பதால் அலமாரியை ஜன்னல் எதிரே வைப்பதில்லை. மழைக்காலத்தில் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது சிகரெட் விளம்பரச் சட்டங்களால் வந்த வெறுமை. 1982இல் ராத்மன்ஸ் என்ற சிகரெட்டின் பெயர் தாங்கிய மூன்று போர்ஷே 956 கார்கள் 1, 2, 3 என்ற தங்கள் எண் வரிசையிலேயே முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. அதன் மாதிரிகள் பல, பெயரில்லாமல் வெறும் நீலமும் வெள்ளையுமாக வருகின்றன. அந்தப் பெயரின் எழுத்துகளை ஒட்டுப்படமாகத் தனியே வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்ட வேண்டும். ஒரு மாலைப் பொழுது போய்விடும், போகட்டும். சிகரெட்டை ஆதரித்து இதைச் செய்யவில்லை; அன்று ஓடிய கார் அப்படித்தான் இருந்தது.

வாங்கும்போது விற்பவரின் படத்தை அந்த ஆண்டுப் பந்தயப் படத்தோடு ஒப்பிடுங்கள். எண் வட்டத்தின் இடம், கூடுதல் விளக்குகள், வால் பகுதியின் வடிவம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் விலையைப் பேசலாம். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய கார் ஸ்பாய்லர் உடைந்து வந்தது, பணமும் திரும்பவில்லை. அன்று முதல், அடித்தட்டோடு திருகி, அசல் பெட்டியிலேயே அனுப்ப ஒப்புக்கொள்பவரிடம் மட்டுமே வாங்குகிறேன்.