ஜெயநகர் கர்னல் வகுப்பு: பாடம் அருமை, லேப் சொதப்பல்

பெங்களூரில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைச் சொல்லித் தருகிறோம் என்று கிளம்பியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாதி இடங்களில் ஒரு ‘ஹலோ வேர்ல்டு’ மாட்யூல் எழுதவைத்து, சர்டிபிகேட்டைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஜெயநகர் நான்காவது பிளாக் பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் இந்த வகுப்பு அந்த ரகம் இல்லை. கர்னலின் மெமரி அலகேட்டரில் (கேட்பவர்களுக்கு மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி) ரேஸ் கண்டிஷன் (இரண்டு வேலைகள் ஒரே இடத்தைத் தொட, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் பக்) எப்படி வருகிறது, எப்படிப் பிடிப்பது, இரண்டு நாளும் இது மட்டும்தான். கட்டணம் 14,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பாடத்துக்குக் கொடுக்கலாம். லேப்புக்கு அதில் பாதி கூடக் கொடுக்கக் கூடாது.

நடத்துபவர் கோவைக்காரர். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள் என்பதால் டீ நேரத்தில் விவாதம் தானாகத் தமிழுக்கு வந்துவிடுகிறது, சார் சாராக ஆரம்பித்தவர்கள் மதியத்துக்குள் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்லைடே கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. போர்டின் நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் முதல் டாஸ்க் (ஓடும் வேலை), வலது பக்கம் இரண்டாவது டாஸ்க், புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஒரு காகிதச் சீட்டு. சீட்டுகளை முன்னே பின்னே நகர்த்தி “இந்த வரிசையில் ஓடினால் என்ன ஆகும், சொல்லுங்க” என்று கேட்பார். யாராவது பதில் சொல்லும் வரை நகரமாட்டார், அது எவ்வளவு நேரமானாலும் சரி.

ஏபிஏ (ABA) பிரச்சினையை, அதாவது நடுவில் மாறிப் பழையபடி ஆனதை மாறவே இல்லை என்று நம்பி ஏமாறுவதை, இப்படி நடத்தியதுதான் மொத்த வகுப்பிலும் உச்சம். கர்னலின் ஸ்லப் (SLUB) அலகேட்டர் ஒவ்வொரு சிபியுவுக்கும் காலி ஆப்ஜெக்டுகளின் (மெமரித் துண்டுகளின்) பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கும். கேட்டவுடன், மற்றவர்களைக் காக்கவைக்கும் லாக் எதுவும் எடுக்காமல் பட்டியலின் தலையை உருவிக் கொடுத்துவிடும், அதன் வேகமே அங்கேதான் இருக்கிறது. சரி, முதல் டாஸ்க் வந்து பார்க்கிறது: தலையில் அ, அதற்கடுத்து ஆ. தலையை ஆ என்று மாற்றப் போகும் நேரத்தில், யார் ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் அதை நிறுத்திவிட்டு இரண்டாவது டாஸ்க்கை ஓடவிடுகிறது. அது அ, ஆ இரண்டையும் வாங்கி, அ-வை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. முதல் டாஸ்க் எழுந்து பார்த்தால் தலையில் அதே அ! ஒன்றும் மாறவில்லை என்று நம்பி ஆ-வைத் தலையாக்கிவிடும். ஆனால் ஆ இன்னொருவர் கையில் இருக்கிறது. அடுத்து யார் கேட்டாலும் அதே ஆ போகும், ஒரே மெமரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருகையில் அதே நிறத்தில் வேறொருவர் துண்டு கிடப்பது போல என்றார் அவர், சிரித்தோம்.

இதைத் தடுக்கத்தான் ஸ்லப் பட்டியலின் தலையோடு ஒரு எண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறது. எடுத்தாலும் கொடுத்தாலும் அந்த எண் மாறும். தலை, எண் இரண்டும் முன்பு பார்த்தபடியே இருந்தால்தான் மாற்றம் நடக்கும், இல்லையென்றால் முதலிலிருந்து மறுபடி. அந்த எண்ணுக்குள் சிபியு அடையாளமும் ஒளிந்திருப்பதால், நடுவில் டாஸ்க் வேறு சிபியுவுக்குத் தாவினாலும் மாட்டிக்கொள்ளும். இரண்டு சீட்டு அதிகமாக ஒட்டியதும் போர்டில் இருந்த ஓட்டை அடைபட்டுவிட்டது, வெறுமனே சோர்ஸ் கோடைப் படித்தால் இது இவ்வளவு சுலபமாகப் புரியாது.

ஸ்லப் 2007-ல் 2.6.22 கர்னலோடு வந்தது. 2023-ல் ஸ்லாபையும் (SLOB) 2024-ல் ஸ்லாப் (SLAB) என்ற பழைய அலகேட்டரையும் தூக்கினார்கள் என்று இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் சுருக்கமாக: 6.8 முதல் அதிகாரபூர்வ கர்னலான மெயின்லைனில் ஸ்லப் மட்டும்தான், அதைப் படித்தால் போதும். டர்ட்டி கவ் (Dirty COW) என்ற பாதுகாப்பு ஓட்டை நுழைந்ததும் அதே 2.6.22-ல்தான், 2016 வரை யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் கிடந்தது. அது காப்பி-ஆன்-ரைட் (எழுதும்போது மட்டும் மெமரியை நகலெடுக்கும் முறை) பக்கம் நடந்த ரேஸ், அலகேட்டரோடு நேரடிச் சம்பந்தமில்லை, அதற்கு முழு மணி நேரம் செலவழித்தது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

இரண்டாம் நாள் கருவிகள். கேசான் (KASAN) என்ற மெமரிப் பிழை காட்டும் கருவி பற்றி எல்லோருக்கும் தெரியும்: விடுவித்த மெமரியை யாராவது தொட்டால் தொட்டவர், வாங்கியவர், விடுவித்தவர் மூவரின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் வழியாக வந்தார்கள் என்ற பட்டியல்) கொட்டிவிடும், ஆனால் அது காட்டுவது ரேஸின் விளைவை. ரேஸையே பிடிக்க கர்னல் 5.8-ல் வந்த கேசிசான் (KCSAN) இருக்கிறது. அதை வைத்து அலகேட்டரை அலசிவிடலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது மனுஷன் கர்னல் சோர்ஸில் மெமரிக்கான எம்எம் (mm) டைரக்டரியின் மேக்ஃபைலை (எதை எப்படி கம்பைல் செய்வது என்று சொல்லும் கோப்பு) திறந்து காட்டினார்: ஸ்லப் கோப்புக்கும் பேஜ் அலகேட்டர் கோப்புக்கும் கேசிசான் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது! ஒரே வேர்டின் வெவ்வேறு பிட்டுகளைத் தொடுவதற்கெல்லாம் அடிக்கடி புகார் வருகிறது என்று அங்கேயே கமெண்டும் இருக்கிறது. இந்த ஒரு தகவலுக்கே என் பணம் பாதி திரும்பிவிட்டது.

ஸ்லப் டீபக் என்ற பிழை தேடும் வசதியை பூட்டில் (கர்னல் தொடங்கும்போதே) போட்டால் பக் ஏன் மாயமாகிறது என்பதும் நன்றாகச் சொன்னார். டீபக் போட்டதும் லாக் இல்லாத வேகப் பாதை போய்விடும், எல்லாம் லாக் எடுத்து மெதுவாக நடக்கும், நேரக் கணக்கே மாறிவிடும். ஆனால் சில சமயம் அதிர்ஷ்டம் அடித்தால் கிராஷ் டம்ப்பில் ரெஜிஸ்டர் முழுக்க 6பி6பி6பி6பி என்று நிற்கும். விடுவித்த ஆப்ஜெக்டில் ஸ்லப் தடவிவைக்கும் விஷம் அது, அதைப் பார்த்தாலே யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த மெமரியைத் தொட்ட பக், என்று தெரிந்துவிடும்.

இப்போது லேப். ஆளுக்கொரு கிளவுட் மெஷின் கொடுத்தார்கள், அதில் ஒரே ஒரு சிபியு. ரேஸ் கண்டிஷன் வகுப்பில்! கேசிசான் ஒரு ஆக்ஸஸை 80 மைக்ரோசெகண்ட் நிறுத்திவைத்து, அதற்குள் வேறு யாராவது அதே இடத்தைத் தொடுகிறார்களா என்று பார்க்கும் கருவி. வேறு சிபியுவே இல்லாத மெஷினில் யார் வந்து தொடுவது? மதியம் முழுக்கத் திரையை வெறித்துக்கொண்டிருந்தோம். ஆபீஸ் பையனிடம் கேட்டால் “பட்ஜெட் அவ்வளவுதான் சார், அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம்” என்கிறான். வைஃபையும் சுமார்தான், கர்னல் சோர்ஸை அங்கே போய் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சாப்பாடு அவர்கள் தரமாட்டார்கள், அது நல்லதே, கீழே இறங்கினால் தர்ஷினி என்ற சின்ன டிபன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர்கள் மெட்ரோவின் மஞ்சள் லைன் பிடித்து ஆர்வி ரோட்டில் மாறி வந்துவிடலாம், சில்க் போர்டு நெரிசல் தொல்லை இல்லை.

சி மொழியில் பாயின்டரும், ஸ்பின்லாக் என்றால் என்னவென்றும் தெரியாமல் போக வேண்டாம், முதல் மணி நேரத்திலேயே விட்டுப்போகும். சேருபவர்கள் சொந்த லேப்டாப்பில் க்யூஎமு (QEMU, மெஷினுக்குள் மெஷின் ஓட்டும் மென்பொருள்) போட்டு, நான்கு சிபியு கொடுத்து, கேசானோடு ஒரு கர்னல், கேசிசானோடு ஒரு கர்னல் என்று தனித்தனியாக முன்னாடியே கம்பைல் செய்து எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒரே கர்னலில் போட முடியாது. பணம் கட்டும் முன் எத்தனை சிபியு தருவீர்கள் என்று போனில் கேட்டுவிடுங்கள், நாலு பேர் கேட்டால்தான் மாற்றுவார்கள்.