பிரேமார் விளையாட்டு விழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு சுற்றுலா: பயண ஏற்பாடு குறித்த மதிப்புரை

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனம் தனது ஸ்காட்லாந்துப் பயணத் திட்டத்தில் அங்கே மலைநாட்டு ஊரான பிரேமாரில் நடக்கும் விளையாட்டு விழாவையும் சேர்த்திருப்பதைப் பார்த்ததும், மனைவிக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிட்டேன். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமையில் நடக்கும் அந்த ஒரு நாளுக்காகவே போனதால், கோட்டைகளையும் ஏரிகளையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. விசா, விமானம், அபர்தீன் விடுதி எதிலும் குறையில்லை. சைவச் சாப்பாடுதான் மூன்றாம் நாளிலிருந்து வெறும் ரொட்டியாகச் சுருங்கிவிட்டது.

என் மனத்தாங்கல் முழுவதும் அவர்கள் தந்த கையேட்டின் மீதுதான். "கேபரை அதிகத் தூரம் எறிபவரே வெற்றியாளர்" என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் கொண்ட அந்த மரத்தண்டில் தூரத்துக்குக் கணக்கே கிடையாது. சிறுத்த முனைக்கு அடியில் விரல்களைக் கோத்து, மரத்தைத் தோளில் சாய்த்து நிமிர்த்தி, சில அடிகள் ஓடிச் சட்டென்று நின்று மேலே உந்துகிறார்கள். பருத்த முனை தரையில் குத்தி, மரம் தலைகுப்புறப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே கடிகாரத்தின் 12 மணி முள் போல விழ வேண்டும். முள் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு மதிப்பெண் குறையும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவருடைய மரம் செங்குத்தாக ஒரு நொடி நின்று, எந்தப் பக்கம் விழலாம் என்று யோசிப்பது போலத் தயங்கி, அவர் பக்கமே திரும்பி வந்தது. மனிதர் துள்ளி விலகினார். கையேட்டை நம்பிய எங்கள் குழுவினர், நேராக விழுந்த எறிகளுக்குப் பேசாமல் இருந்துவிட்டுக் கோணலாக விழுந்தவற்றுக்கெல்லாம் கை தட்டினார்கள்.

கல் எறிதலைப் பற்றிக் கையேட்டில் ஒரே வரிதான். இன்றைய குண்டு எறிதலில் ஆண்கள் எறிவது 7.26 கிலோ; பிரேமார்க் கல்லோ சுமார் 12.7 கிலோ, அதையும் ஓடியோ சறுக்கியோ வராமல் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்த எனக்கு அதைப் பார்த்தபோதே தோள் வலித்தது.

வரலாற்றுப் பகுதியும் அரைகுறைதான். 11-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் மால்கம் அரசர், ஓலை கொண்டுபோக விரைந்தோடும் ஆளைத் தேர்வதற்காக மலையேற்ற ஓட்டம் நடத்தினார் என்பது செவிவழிக் கதை. அதை ஆவணம் போல எழுதியவர்கள், அச்சில் உள்ளதை விட்டுவிட்டார்கள். 1746-இல் கல்லோடன் போரில், ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணை ஏற்றப் போராடிய ஜாக்கபைட் படை தோற்ற பிறகு, மலைநாட்டு ஆண்கள் பாவாடை போன்ற 'கில்ட்' முதலிய தங்கள் மரபு உடையை அணியவே சட்டம் தடை விதித்தது. 1782-இல்தான் அது நீங்கியது. இன்று நாம் பார்க்கும் விழாவின் உருவம் பெரும்பாலும் அதற்குப் பின் 19-ஆம் நூற்றாண்டில் அமைந்தது. 1848-இல் விக்டோரியா அரசியார் பிரேமார் விழாவுக்கு வந்தது அதற்குப் பெரும் மவுசைத் தேடித் தந்தது. 'ஷான் ட்ரூஸ்' என்ற நடனத்தின் பெயருக்குப் பழைய கால்சட்டை என்று பொருள். திணிக்கப்பட்ட கால்சட்டையை உதறித் தள்ளுவதைத்தான் அந்தக் காலசைவு காட்டுகிறது என்பார்கள். இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால், மேடையில் சிறுமிகள் காலை உதறியபோது எங்கள் பேருந்துத் தோழர்கள் கைப்பேசியில் மூழ்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ஆறாத குறை வேறு. அபர்தீனிலிருந்து பிரேமார் போகும் வழியில், சாலையிலிருந்து சற்றே விலகினால் பொட்டார்க் என்ற இடம். இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள் அங்கே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சுமார் 332 கிலோ. 1860-இல் டொனால்ட் டின்னி என்ற மல்லர் அவற்றைக் கைக்கொன்றாகப் பிடித்து அங்குள்ள பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்பது அங்கே புகழ்பெற்ற செய்தி. இளைஞன் ஆளாகிவிட்டான் என்பதை மெய்ப்பிக்கக் கல் தூக்கும் வழக்கம் மலைநாட்டில் பழையது. எங்கள் ஊர் மந்தையில் பாதி புதைந்து கிடக்கும் இளவட்டக்கல்லை அறிந்த எவருக்கும் அங்கே விளக்கம் தேவைப்படாது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "திட்டத்தில் இல்லை சார்" என்றார் வழிகாட்டித் தம்பி.

அரச குடும்பத்தினர் பிற்பகலில்தான் மைதானத்துக்கு வருவது வழக்கம் என்றிருக்க, இரண்டு மணிக்கே எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். துண்டறிக்கையிலோ அரசரின் படம் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் ஓட்டமும் நடனமும் பேக்பைப் என்ற துருத்திக்குழல் இசையும் கயிறிழுப்பும் நடக்கும் விழாவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழைச் சட்டையும் எடுத்துப் போங்கள், எங்கள் இருக்கைகளுக்கு மேல் கூரை இல்லை.

திரும்பியதும் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். பத்துப் பேர் கேட்டால் அடுத்த ஆண்டு பொட்டார்க்கில் அரை மணி நேரம் நிறுத்துவதாகச் சொல்லி, ஒரு நோட்டை நீட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது.