ஷோபான் போட்டி 2025: கடைசிச் சுற்றை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும்

போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் படைப்புகளை மட்டுமே வாசிக்கும் ஷோபான் பியானோ போட்டி வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும்; 19ஆவது போட்டி 2025 அக்டோபரில் முடிந்தது. முதல் பரிசு அமெரிக்காவின் எரிக் லூவுக்கு. இரண்டாவது கனடாவின் கெவின் சென், மூன்றாவது சீனாவின் சிதொங் வாங். நான்காம் பரிசை சீனாவின் தியன்யாவ் லியுவும் ஜப்பானின் ஷியோரி குவஹாராவும் பகிர்ந்தார்கள். ஐந்தாவதை போலந்தின் பியோத்ர் அலெக்செவிச்சும் மலேசியாவின் வின்சென்ட் ஓங்கும். ஆறாவது அமெரிக்காவின் வில்லியம் யாங்.

கடைசி மூன்று மாலைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புரிபடாது. காரணம் மதிப்பெண் முறை. நடுவர்கள் 25க்கு மதிப்பெண் போடுகிறார்கள். இறுதிக் கணக்கில் முதல் சுற்றுக்கு 10 சதவீதம், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 35, இறுதிச் சுற்றுக்கும் 35தான். சராசரியை விட்டு வெகுதூரம் விலகும் மதிப்பெண்ணை உள்ளே இழுத்துத் திருத்திவிடுவார்கள். தன் மாணவருக்கு ஆசிரியர் மதிப்பெண் போடக் கூடாது. வேண்டுமென்றே ஒருவரைக் கவிழ்க்க முடியாது என்பது இதில் நல்ல பக்கம். ஆனால் ஒரு நடுவர் மயங்கிப்போய் அள்ளிக் கொடுக்கும் மதிப்பெண்ணும் அதே கத்தரியில் வெட்டுப்படும். எல்லாருக்கும் ஓரளவு பிடித்தவர் முன்னே வர வழி இருக்கிறது.

இறுதிச் சுற்றில் இம்முறை கன்செர்ட்டோவுக்கு (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முன்னால், பியானோ மட்டும் வாசிக்கும் பொலோனேஸ்-ஃபாண்டசி, ஓபஸ் 61. நல்ல சேர்க்கை, கொடுமையான சேர்க்கையும்கூட. இரண்டு கார்டுகள் (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது), அதிலிருந்து கீழிருந்து மேல்வரை படர்ந்து ஏறும் ஸ்வரங்கள் என்று தொடங்கும் படைப்பு அது. ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடலைச் சீக்கிரம் எடுத்தால் வறட்சி; பிடித்தே வைத்தால் அடுத்த கார்டு சேறாகிவிடும். சுமார் 13 நிமிடம் தனியாக வாசித்துவிட்டு, உடனே இசைக்குழுவோடு சேர வேண்டும். ஷோபானின் இரண்டு கன்செர்ட்டோக்களில் இ மைனர் என்றால் பியானோ நுழைய நான்கு நிமிடம்போல ஆகும், கை ஆறிப்போகும். மற்றொன்றான எஃப் மைனரில் முன்னுரை சிறிது, கடைசிப் பகுதியில் ஹார்ன் ஊதி அழைப்பு விடுத்ததும் சரசரவென்று ஓட வேண்டும். லூ எடுத்தது எஃப் மைனர். 1980இல் வியட்நாமின் தாங் தாய் சோன் வென்றதும் அதே கன்செர்ட்டோவில்தான். அவரே லூவின் ஆசிரியர்களில் ஒருவர். இடையில் வென்றவர்கள் எல்லாம் இ மைனர்காரர்கள்!

பியானோ தேர்வு இன்னொரு சூதாட்டம். ஸ்டெயின்வே, யமஹா, ஷிகெரு கவாய், ஃபஸியோலி, பெக்ஸ்டைன் என ஐந்து நிறுவனங்கள்; தேர்ந்தெடுக்க 15 நிமிடம். அதுவும் காலி அரங்கில். ஆட்கள் நிறைந்ததும் எதிரொலி உறிஞ்சப்பட்டு, காலையில் வெண்ணெயாக ஒலித்த பியானோ மாலையில் மெலிந்து கேட்கும். லூ வாசித்தது ஃபஸியோலி. 2021இல் வென்ற புரூஸ் லியூவும் அதைத்தான் எடுத்தார்.

எல்லாச் சுற்றுகளும் போட்டியை நடத்தும் ஷோபான் நிறுவனத்தின் யூடியூபில் இலவசம். அக்டோபரில் வார்சா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்: இடது கையின் அடிநாதம் காணாமல் போய், வேகமானவர் எல்லாம் சிறந்தவராகத் தெரிவார். ஹெட்ஃபோன் அவசியம்.

நேரம் குறைவென்றால் மூன்றாவது சுற்றைப் பாருங்கள். பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பான சொனாட்டாவும், போலந்து நாட்டுப்புற நடனத்திலிருந்து வந்த மசூர்காவும் அங்கேதான். மசூர்கா மூன்று தட்டு. அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும், அந்தத் தட்டின் நீளமும் இடத்துக்கிடம் மாறும். சமமாக எண்ணி வாசித்தால், அதே மூன்று தட்டு கொண்ட வால்ட்ஸ் நடனம் ஆகிவிடும். மிகையாக இழுத்தால் நொண்டும். மசூர்கா சிறப்புப் பரிசு பெற்ற போலந்தின் யெஹுதா புரோகோபோவிச் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. அவர் பதிவை முதலில் போடுங்கள், பிறகு சொனாட்டா பரிசு பெற்ற சிதொங் வாங்.