மணிக்கூடு பிழை, றேடியோ சரி

யாழ் நகரத்துக் கடையொன்றில் 8500 ரூபாய்க்கு வாங்கிய சின்னச் சிற்றலை றேடியோ, மூன்று மாதம் பாவித்துவிட்டு எழுதுகிறேன். பாட்டுக் கேட்க வாங்கவில்லை. மணிக்கு மணி வரும் நேர சமிக்ஞைகளைக் கேட்கத்தான், சிரிக்க வேண்டாம்.

பிபிசி உலக சேவையில் செய்திக்கு முன் வரும் ஆறு 'பீப்' இருக்கிறதே, 1924 பெப்ரவரியில் தொடங்கின சங்கதி, முதல் ஐந்தும் பத்தில் ஒரு செக்கன், ஆறாவது மட்டும் அரைச் செக்கன் நீளும், அது தொடங்கும் கணம்தான் சரியான மணி. நாங்கள் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்பதால் இங்கே அது எப்போதும் அரை மணிக்குத்தான் வரும், அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. போனில் இணையம் வழியாகக் கேட்டால் பல செக்கன் பிந்தும், அதை நம்பி மணிக்கூடு திருத்த வேண்டாம்.

இரவில் ஏரியல் வயரை முருங்கையில் கட்டிவிட்டு 10 மெகாஹேர்ட்ஸில் வைத்தால் சீனாவின் பிபிஎம் என்ற நேர சமிக்ஞை நிலையம் செக்கனுக்குச் செக்கன் டிக் டிக் என்று வடிவாகக் கேட்கிறது. அதே அலைவரிசையில்தான் அமெரிக்காவின் நேர நிலையமான டபிள்யூடபிள்யூவியும், எனக்கு ஒருநாளும் தெளிவாக அகப்படவில்லை. பக்கத்தில் எல்இடி பல்ப் எரிந்தால் எல்லாம் இரைச்சல்.

பெரிய குறை, றேடியோவில் இருக்கிற மணிக்கூடே கிழமைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. கடையில் கேட்டேன். "நேரம் பார்க்கப் போன் இருக்குத்தானே தம்பி" என்றார்.