புது வண்டியின் பெயின்ட்டுக்கு எந்தக் காப்பு? வாக்ஸ், சீலன்ட், செராமிக், ஃபிலிம்: ஓர் ஒப்பீடு

புது வண்டியின் பளபளப்பு என்று நாம் பார்த்து மகிழ்வது பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனே உள்ள ஒரு நிறமற்ற அடுக்கைத்தான். கிளியர் கோட் எனப்படும் அந்த அடுக்கு சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. அதற்குக் கீழே நிறத்தைத் தரும் பேஸ் கோட், அதன் அடியில் பிரைமர், தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும், தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். காப்புப் பூச்சுகளை ஒப்பிடும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ‘கவசம்’, ‘கண்ணாடிப் படலம்’ என்று யாராவது சொல்லும்போது, அது எத்தனை மைக்ரான் என்று திருப்பிக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வழக்கமான ஒப்பீடுகள் ‘எது எத்தனை ஆண்டு தாங்கும்’ என்ற கேள்வியில் தொடங்குகின்றன. அதற்கு முன்பே கேட்க வேண்டியது, எதிலிருந்து காப்பு வேண்டும் என்பது. பெயின்ட்டுக்கு வரும் கேடுகள் மூன்று வகை. முதலாவது, முன்னால் போகும் வண்டியின் சக்கரம் வாரியடிக்கும் பொடிக்கற்கள். இவை கிளியர் கோட்டையும் நிறத்தையும் ஒரே அடியில் பெயர்த்தெடுக்கும். இரண்டாவது, பறவை எச்சம், பூச்சிகளின் மிச்சம், மரப்பிசின், உப்புநீர்க் கறை போன்ற வேதிக் கேடுகள். மூன்றாவது, கழுவித் துடைக்கும்போது நம் கையாலேயே விழும் நுண்கீறல்கள். வெயிலும் கேடுதான் என்றாலும், புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள் கிளியர் கோட்டிலேயே கலக்கப்பட்டிருப்பதால், அது மெதுவாகவே வேலை செய்யும். இந்த மூன்றையும் ஒருசேர முழுமையாகத் தடுக்கும் ஒரே பொருள் என்று எதுவும் இல்லை; நான்கு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

வாக்ஸிலிருந்து தொடங்கலாம். இவற்றில் பெயர் பெற்றது கார்னாபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் இந்த மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அடர்ந்த கறுப்பு, சிவப்பு நிறங்களின் மேல் இது தரும் ஆழமான மினுமினுப்புக்கு ஈடாக வேறொன்றைச் சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. ஆனால் வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட்டின் சூட்டையும் ஷாம்பூ கழுவலையும் தாங்கி அது நிற்பது சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள். வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்குவதையே ஞாயிற்றுக்கிழமையின் இன்பமாகக் கொண்டவர்களுக்கு வாக்ஸ் போதும். மற்றவர்களுக்கு அது பொருந்தாது.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆனது. சிலிக்கோன் வகைப் பொருள்கள் பெயின்ட்டின் மேற்பரப்போடு மெழுகைவிட உறுதியாக ஒட்டிக்கொள்வதால், ஒரு முறை பூசினால் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை வேலை செய்யும். பூசுவதும் எளிது: கழுவி உலர்த்திய தகட்டில் மெல்லியதாகத் தடவி, சற்றுக் காயவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுத்தால் முடிந்தது. தவறாகப் பூசினாலும் பெரிய நட்டமில்லை. மறுபடி துடைத்தால் போய்விடும். அந்த மன்னிக்கும் தன்மைக்கு உரிய மதிப்பை ஒப்பீடுகள் தருவதில்லை என்பது என் எண்ணம்.

இவ்விரண்டுக்கும் நடுவே, வண்டியை ஒப்படைக்கும் நாளில் விற்பனையகத்திலேயே செய்து தருவதாகச் சொல்லப்படும் ‘டெஃப்ளான் கோட்டிங்’ ஒன்று உண்டு. டெஃப்ளான் எனப்படும் பிடிஎஃப்இ 1938இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள். எதனோடும் ஒட்டாமலிருப்பதே அதன் பெருமை. வாணலியின் மேல் அதை நிலைக்கச் செய்ய, உலோகப் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிட்டு, அதன் உருகுநிலையான 327 டிகிரியைத் தாண்டும் சூட்டில் வேக வைக்கிறார்கள். கையால் தேய்த்துத் துணியால் துடைக்கும் ஒரு பாலிஷில் அதைக் கலந்தால், அது பெயின்ட்டோடு பிணைந்துகொள்ள எந்த வழியும் இல்லை; அந்தப் பாலிஷில் உள்ள மெழுகோ பாலிமரோதான் வேலை செய்கிறது. என் முந்தைய வண்டிக்கு இதைச் செய்துகொண்டேன். மூன்றாவது மாதத்தில் பானெட்டின் மேல் மழைநீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவி நின்றது. அதைவிட வருத்தமானது, பூசுவதற்கு முன் அவசரமாகத் துடைத்ததில் விழுந்த வட்ட வட்டக் கீறல்கள் வண்டி இருந்தவரை கூடவே இருந்தன.

செராமிக் கோட்டிங் இவற்றிலிருந்து உண்மையாகவே வேறுபட்டது. சிலாசேன், சைலாக்சேன் போன்ற சிலிக்கான் சேர்மங்களைக் கரைப்பானில் கலந்த நீர்மம் இது. தகட்டில் பூசியதும் கரைப்பான் ஆவியாகி, மிஞ்சும் பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, பெயின்ட்டின் மேல் வலைப்பின்னலாக இறுகுகிறது. கழுவினால் போகாது, அகற்ற வேண்டுமென்றால் பாலிஷ் இயந்திரத்தால் தேய்த்தெடுக்க வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் மெழுகைவிடப் பன்மடங்கு தாங்கும். ஒழுங்காகப் பேணினால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நிற்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான் மட்டுமே. கல்லடியை அது தடுக்கும் என்று எதிர்பார்ப்பது, மழைக்கோட்டை அணிந்துகொண்டு தடியடிக்குத் தயாராவது போன்றது.

‘9ஹெச் கடினம்’ என்ற விளம்பரச் சொல்லையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்பதால், 9 என்றதும் வைரத்துக்கு அடுத்த நிலை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் 9ஹெச் என்பது பென்சிலின் கடினம். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் பூச்சின் மேல் தள்ளிப் பார்த்து, எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்று குறிக்கும் சோதனை அது. பென்சிலின் கரி எழுத்துக்குச்சி, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. சாலைத் தூசியிலுள்ள குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவில் 7. ஆகவே பென்சிலுக்கு அஞ்சாத பூச்சு, மணல் அப்பிய துணிக்குக் கட்டாயம் அஞ்சும்.

எச்சத்தின் விஷயத்தில் செராமிக் செய்வதைத் துல்லியமாகப் புரிந்துகொள்வது பயனுள்ளது. காலையில் பானெட்டில் விழும் எச்சம் வெயிலில் காய்ந்து இறுகுகிறது. அதே வெயிலில் சூடேறிய கிளியர் கோட் சற்றே விரிந்து இளகுகிறது. மாலையில் குளிரும்போது, மேலே இறுகிக் கிடப்பதன் மேடுபள்ளங்களுக்கு ஏற்பவே அது படிந்துவிடுகிறது. துடைத்த பிறகும் சாய்வாகப் பார்த்தால் அங்கே மங்கலான திட்டு ஒன்று தெரிவது இதனால்தான். செராமிக் பூசிய தகட்டில் இந்தக் கேடு நேரவே நேராது என்பதில்லை. நேர்வதற்கு முன் துடைத்தெடுக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும், துடைப்பதும் எளிதாக இருக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டால் செராமிக்கும் கைவிடும்.

நீர் முத்துக்களைப் பற்றியும் ஒரு சொல். செராமிக் பூசிய பானெட்டில் தண்ணீர் உருண்டோடும் காட்சி விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் புதிதாகத் தடவிய சாதாரண வாக்ஸிலும் தண்ணீர் அப்படித்தான் உருளும்; அது மேற்பரப்பின் தன்மையைக் காட்டுமே தவிரப் பூச்சின் வலுவைக் காட்டாது. உப்புநீரில் கழுவிவிட்டு வண்டியை வெயிலில் காயவிட்டால் இந்த முத்துக்களே பகையாகும். ஒவ்வொரு முத்தும் தன்னிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளை ஒரே புள்ளியில் குவித்து வைத்து வற்றிப்போக, பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள் தோன்றும். செராமிக் பூசியவர்கள் அடிக்கடி முறையிடும் குறை இதுதான். கழுவிய உடனே துவட்டும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது கூடுதல் வேலையாகவே முடியும்.

இன்னொரு சிக்கல் பூசும் கையில் இருக்கிறது. பூசிய சில நிமிடங்களில், ஈரம் படர்ந்த இடத்தில் வானவில் நிறத்தில் ஒரு மினுக்கம் தோன்றும். சரியாக அந்தத் தருணத்தில் துடைக்க வேண்டும். தவறவிட்ட இடம் கருமையான பிசுக்குத் திட்டாக இறுகிவிடும். அதை நீக்கப் பாலிஷ் இயந்திரமே வேண்டும். சூடும் ஈரப்பதமும் கூடினால் அந்தத் தருணம் இன்னும் விரைவாக வந்து போகும். கதவோரத்திலும் கைப்பிடியின் கீழும் பேனா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பூசியவர் பொறுமைசாலியா என்பது தெரிந்துவிடும். பூசிய முதல் நாள் தண்ணீரே படக்கூடாது. ஷாம்பூ போட்டுக் கழுவ ஒரு வாரம் காத்திருப்பது நல்லது.

‘கிராஃபீன் கோட்டிங்’ என்று இப்போது விற்கப்படுவதைத் தனி வகையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2004இல் பிரித்தெடுக்கப்பட்டு, 2010இல் நோபல் பரிசையும் பெற்றுத்தந்த, ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் படலத்தின் பெயர் அது. ஆனால் இந்தப் புட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அதே சிலிக்கான் பூச்சோடு சிறிதளவு கிராஃபீன் ஆக்சைடு.

கல்லடிக்கு விடை ஃபிலிம் ஒன்றே. பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) எனப்படும் இந்தப் பாலியூரித்தேன் படலத்தின் தொடக்கம், வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலி இறகுகளை மணலிலிருந்தும் சிதறல்களிலிருந்தும் காக்க ஒட்டப்பட்ட படலத்தில் இருக்கிறது. இன்றைய ஃபிலிம்களின் தடிமன் 150 முதல் 200 மைக்ரான். அதாவது தொழிற்சாலை பூசிய மொத்தப் பெயின்ட்டையும்விடத் தடிமனான, ரப்பர் போல் இழுபடும் ஒரு தோல் அதன் மேல் போர்த்தப்படுகிறது. கல் விழும்போது அது குழிந்து மீளும். நல்ல ஃபிலிமின் மேற்பூச்சில் விழும் நுண்கீறல்கள், வெயில் பட்டாலோ வெந்நீர் ஊற்றினாலோ தாமாகவே மறையும். ஆழமாக வெட்டுப்பட்டால் மறையாது. அந்தத் துண்டை மட்டும் உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. நான்கில் அதிகம் செலவாவது இதுவே. மலிவான ஃபிலிம்கள் சில ஆண்டுகளில் மஞ்சளாகும். வெள்ளை வண்டியில் ஓரங்களில் அழுக்குக் கோடு தெரியும். வண்டியின் மேலேயே வைத்துப் பிளேடால் வெட்டும் முறையில், கை சற்று அழுந்தினாலும் கோடு பெயின்ட்டில் விழும். அதனால் அந்த வண்டிக்கென்றே இயந்திரத்தில் முன்கூட்டி வெட்டிய துண்டுகளைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பது அவசியம். பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பகுதியில் ஒட்டினால், பின்னாளில் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும். ஃபிலிமின் மேல் செராமிக் பூசுவது கழுவுவதை எளிதாக்கும் நல்ல சேர்க்கை. செராமிக்கின் மேல் ஃபிலிம் ஒட்டுவதோ வீண், பசை பிடிக்காது.

இனி என் தேர்வைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டியாக இருந்தால், முன்பம்பர், பானெட், கண்ணாடிக் கூடுகள், சக்கர வளைவுகளின் பின்புறம் ஆகியவற்றுக்கு மட்டும் ஃபிலிம். மற்ற இடங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சொந்தக் கையால் சீலன்ட். முழு வண்டிக்கும் ஃபிலிம் ஒட்டுவது, வண்டியை நீண்டகாலம் வைத்திருப்போருக்கே பொருந்தும். செராமிக்கை, தன் வண்டியைத் தானே கழுவி, தானே துவட்டுபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் கொண்டு பத்து வண்டிகளைத் துடைப்பவரிடம் ஒப்படைப்பதாயிருந்தால், அதற்குச் செலவிடுவதில் பொருளில்லை. இருசக்கர வண்டியில், முழங்கால் உரசும் டேங்கின் இரு பக்கங்களுக்கும் இரண்டு சிறு துண்டு ஃபிலிம் போதும். பளபளப்பில்லாத மேட் நிறமென்றால் சாதாரண வாக்ஸும் பாலிஷும் கூடவே கூடாது. அங்கங்கே பளபளத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

எதைத் தேர்ந்தாலும் பூசுவதற்கு முந்தைய வேலையில்தான் பலன் நிற்கிறது. புது வண்டி என்பதால் பெயின்ட் மாசற்றது என்று கொள்ள முடியாது. பயணத்தில் படிந்த இரும்புத் துகள்களை அதற்குரிய நீர்மம் ஊதாவாக நிறம் மாறி காட்டிக்கொடுக்கும். களிமண் கட்டி போன்ற கிளே பாரால் மீதியை எடுக்கலாம். கீறல்களின் மேலேயே செராமிக் பூசினால், அடுத்த பாலிஷ் வரை அவையும் அதன் அடியில் பத்திரமாக இருக்கும். தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 140 டிகிரியில் வேக வைக்கப்படுவதால், புது வண்டிக்கு உடனே பூசலாம். பட்டறையில் அடித்த பெயின்ட்டுக்கோ, அதிலுள்ள கரைப்பான் முழுதும் வெளியேற ஒன்று முதல் மூன்று மாதம் வரை விட வேண்டும்.

வண்டியை எடுக்கும் நாளுக்கு முன்பே விற்பனையகத்துக்கு எழுத்தில் ஒரு வேண்டுகோள் தருவது வழக்கமாக வேண்டும்: கழுவ வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம், போக்குவரத்துக்காக ஒட்டிய தற்காலிகத் தாள்களையும் எடுக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது கூரையின் கீழ் நிறுத்தி, பானெட்டின் மேல் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல் வட்டக் கோடுகள் தெரிந்தால், கையொப்பமிடுவதற்கு முன்பே அதைக் குறித்துக்கொடுத்து, செலவை அவர்களே ஏற்கும்படி கேளுங்கள்.