கணவரோடு எல்லை தாண்ட 685 பவுண்ஸ்: லண்டனில் இருக்கிறவை தயவுசெய்து வாசியுங்கோ

இரவு 11 மணிக்கு இருந்து இதை எழுதுகிறேன். பாரிசில் இருந்து திரும்பி வந்து இரண்டு நாள்தான். கோபம் ஆற முதல் எழுதிவிடவேணும், ஆறினால் "போனது போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன். ஆளாளுக்கு அப்படி விட்டுவிட்டுப் போகிறபடியால்தான் எங்களுக்கு விசா எடுத்துத் தந்த இந்தக் கடை இத்தனை வருசமாக நடக்கிறது. 685 பவுண்ஸ். கட்டணமே இல்லாமல் எடுத்திருக்கக்கூடிய விசாவுக்கு 685 பவுண்ஸ் குடுத்திருக்கிறோம்.

எங்கள் நிலைமை இதுதான். எனக்கு இலங்கைப் பாஸ்போட், இவருக்கு ஜெர்மன் பாஸ்போட். சின்ன வயதில் தாய் தகப்பனோடு ஜெர்மனிக்குப் போய், அங்கே படித்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். இங்கே உள்ள எங்கள் சனத்துக்குள் இப்படி ஜெர்மனி, ஒல்லாந்து, பிரான்ஸ், டென்மார்க் பாஸ்போட்டோடு வந்து குடியேறினவை எத்தனையோ பேர், ஊரில் இருந்து வந்த மனுசிமாரும் அதேயளவு பேர். 2019இல் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கலியாண எழுத்து நடந்தது. லண்டனில் இருக்க எனக்கு எல்லா உரிமையும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகின பிறகு, 2020 டிசம்பர் 31ஓடு மாற்றக் காலமும் முடிந்துபோக, ஒன்றியக் குடிமகனின் மனைவி என்று இங்கே தந்த குடும்ப அட்டையைக் காட்டி ஒன்றிய நாடுகளுக்குப் போகேலாது. விசா வேணும். இவ்வளவும் எனக்குத் தெரியும். மிச்சம் தெரியாமல் போனதில்தான் விழுந்தேன்.

பாரிசில் இருக்கிற மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. இவர் ஒரேயொரு தாய்மாமன். தண்ணி வார்வைக்கு மாமன் இல்லாமல் எப்படி? மூன்று மாதத்துக்கு முதலே மச்சாள் நாள் சொல்லிவிட்டா. இவருக்குப் பாஸ்போட்டைக் காட்டினால் சரி. எனக்குத்தான் விசா.

தமிழ்க் கடைத்தெருவில் நகைக்கடைக்கு மேல்மாடியில், விமான ரிக்கெட்டும் விசாவும் செய்து குடுக்கிற ஒரு கடை. பெயர் எழுதவில்லை, எழுதினால் வேறு பிரச்சினை வரும் என்று இவர் சொல்கிறார். அந்தப் பக்கம் போய்வருகிறவைக்கு விளங்கும்.

நான் ஏன் நம்பினேன் என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். நெற்றியில் திருநீறு, மேசையில் பிள்ளையார். என் பாஸ்போட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கோண்டாவிலோ அக்கா? அம்மான்ர ஊரும் அதுதான்" என்றார். எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி என்று விசாரித்தார். அம்மா ஊரில் தனிய இருக்கிறா என்று சொன்னதும், "அப்ப அடுத்த வருசம் அம்மாவைக் கூப்பிடுறதையும் நாங்களே செய்து தாறம்" என்றார். தேத்தண்ணி வந்தது. எங்கள் கலியாணப் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியை இரண்டு கையாலும் வாங்கி, மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். அந்த உறைக்குள் வைத்த விதம்தான் என்னை விழுத்தினது. என் பொருளை இவ்வளவு பக்குவமாகத் தொடுகிற மனிசன் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்?

கணக்கை அப்படியே எழுதுகிறேன். விசாக் கட்டணம் என்று 120. ஹோட்டல் பதிவு 80. பயணக் காப்புறுதி 65. கலியாணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு 70, எங்களிடம் ஏற்கெனவே ஆங்கிலப் பிரதி இருக்கிறது என்று சொல்லியும் "அது அங்க எடுபடாது" என்றார். பைல் தயாரிப்பு 150. இதற்கு மேல் 200 பவுண்ஸ், "நீங்கள் இரண்டு பேரும் எல்லையில ஒண்டா நிக்க ஒரு குடும்பக் கடிதம்" என்று. அது இல்லாவிட்டால் என்னைத் தனிவரிசையில் விட்டு விசாரிப்பார்களாம். எல்லாம் 685. அதில் 400 காசாகக் கையில், மிச்சம் 285 ஒரு தனிப்பட்ட ஆளின் வங்கிக் கணக்குக்கு. ரசீது கேட்டதுக்குச் "சேவை" என்று ஒரே ஒரு சொல் எழுதின துண்டு.

விண்ணப்ப நிலையத்துக்கு என்னோடு ஒரு பெடியனை அனுப்பினார்கள். கட்டணத்தை அவனே கட்டினான். உள்ளே போக முதல் சொன்னான்: "அக்கா, சுற்றுலா எண்டு மட்டும் சொல்லுங்கோ. அண்ணைன்ர ஜெர்மன் பாஸ்போட்டைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ, கதைச்சா இழுபடும்." நான் அவன் சொன்னபடியே சொன்னேன். படிவத்தில் அவர்கள் நிரப்பின எதையும் வாசிக்காமல் கையெழுத்தும் வைத்தேன். விசா வந்தது. ஒரேயொரு நுழைவு, நாலு நாள். வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டேன்.

வெள்ளி இரவு இவருக்கு வேலை முடிய 10 மணி. காரில் வெளிக்கிட்டு டோவருக்குப் போகும்போது விடிய 3 மணி தாண்டிவிட்டது. டோவரில் கப்பல் ஏற முதலே பிரெஞ்சுப் பொலிஸ் நிற்கும். 2003இல் லு துக்கே என்ற பிரெஞ்சு ஊரில் பிரித்தானியாவும் பிரான்சும் செய்த ஒப்பந்தத்தால் அவர்களுடைய எல்லைச் சோதனை இங்கிலாந்து மண்ணிலேயே நடக்கிறது. மறிப்பதென்றால் பிரான்சுக் கரையில், கலேயில் அல்ல, இங்கேயே மறித்துவிடுவார்கள்.

காரின் யன்னலால் இரண்டு பாஸ்போட்டையும் குடுத்தோம். இவருடையதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். என்னுடையதைப் புரட்டிவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். இவர் உள்ளதைச் சொன்னார், பாரிஸ், அக்கா வீடு, குடும்பக் கொண்டாட்டம். பைலைக் கேட்டார்கள். கடையில் தந்த பைலை அப்படியே நீட்டினேன். அதற்குள்ளே ஹோட்டல் பதிவு இருந்தது நீஸ் நகரத்தில்! நாலு இரவு, தெற்குக் கடற்கரையில், என் பெயரில். அந்த ஊரின் பெயரையே நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதிகாரி கணினியில் தேடிப்பார்த்தார். அந்தப் பதிவும் நீக்கப்பட்டிருந்தது. விசா வந்தவுடனேயே நீக்கிவிட்டார்கள் போல.

200 பவுண்ஸ் குடும்பக் கடிதத்தை இவர் எடுத்துக் காட்டினார். அந்த மனிசன் ஒருதரம் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்தார். அதில் ஒரு அரசாங்கத்தின் முத்திரையும் இல்லை, கடைக்காரர்கள் தாங்களே அடித்த கடிதம். காரை ஓரமாக விடச்சொன்னார்கள். நாலு மணிக் கப்பல் எங்கள் கண்ணுக்கு முன்னாலே போனது.

உள்ளே கதிரையில் இருத்திவைத்துக் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஏன் பொய் சொல்லி விசா எடுத்தாய்? உண்மையில் எங்கே தங்கப்போகிறாய்? இவர் உன் புருசன்தானா, என்ன ஆதாரம்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கலியாணச் சான்றிதழ் அந்தக் கடையின் லாச்சிக்குள்ளே. "விசா வந்த பிறகு தாறம்" என்றவர்கள், விசா வந்த பிறகு "அடுத்த கிழமை" என்றார்கள், நானும் பிறகு எடுப்பம் என்று விட்டுவிட்டேன். கடைக்காரருக்குப் போன் எடுத்தால் நிற்பாட்டி வைத்திருக்கிறார்.

ஐந்து மணிபோல வேறொரு அதிகாரி வந்தா, வயதான பெண். இவருடைய பாஸ்போட்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறுதலாக இவருக்கு விளங்கப்படுத்தினா. நீ ஜெர்மன் குடிமகன், இவ உன் மனைவி, உன்னோடு சேர்ந்து பிரான்சுக்கு வருகிறா. அப்படியென்றால் ஹோட்டலும் தேவையில்லை, காப்புறுதியும் தேவையில்லை. கலியாணம் கட்டினதுக்கு ஆதாரம் காட்டு, அது போதும். பிறகு கேட்டா: குடும்ப உறுப்பினர் என்று விண்ணப்பித்திருந்தால் விசாவுக்குக் கட்டணமே இல்லையே, ஏன் சுற்றுலா என்று போட்டீர்கள்? இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். 685 பவுண்ஸ்.

எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கும். அவ ஐந்தரைக்குத்தான் போனை எடுத்தா. பாவம், இரவு உடுப்போடேயே மேலே ஏறிப்போய், அலுமாரியைத் திறந்து, பழைய ஆங்கில மொழிபெயர்ப்பையும் சான்றிதழின் கொப்பியையும் தேடிப் படம் எடுத்து அனுப்பினா. "எடுபடாது" என்று கடைக்காரர் தள்ளிவைத்த அதே மொழிபெயர்ப்பு. அதைச் சரிபார்த்து, யாரையோ கேட்டு, எங்களை விடும்போது எட்டரை. அடுத்த கப்பலில் ஏறி, கலேயில் இறங்கி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடி மண்டபத்துக்குப் போகும்போது பின்னேரம் மூன்றரை தாண்டிவிட்டது. தண்ணி வார்வை காலையிலேயே முடிந்துவிட்டது. பால் அறுகு வைத்தது ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர். மச்சாள் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. பிள்ளை சேலையோடு ஓடிவந்து, "மாமா, உங்களுக்காக அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்று சொல்ல, இவர் கார் நிற்பாட்டின இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். கனநேரம் வரவில்லை.

திங்கட்கிழமை காலமை போன் எடுத்தேன். ஒரு பிள்ளை எடுத்து "அண்ணை மீற்றிங்கில" என்றா. இரண்டாம் தரம் "அண்ணை வெளியில". பின்னேரம் வேலை முடித்து நேரிலேயே போனேன். மனிசன் உள்ளேதான் இருந்தார். இந்தமுறை தேத்தண்ணி இல்லை, கோண்டாவில் இல்லை. "அக்கா, விசா வந்ததோ இல்லையோ? வந்ததுதானே. எல்லையில நீங்கள் மாறிக் கதைச்சதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். நாங்கள் உள்ளதைச் சொன்னதுதான் பிழையாம்! கட்டணமே இல்லையாமே என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மா சட்டத்தில கிடக்கும், நடைமுறை வேற." குடும்பக் கடிதத்துக்கு எடுத்த 200ஐயாவது தாருங்கோ என்றேன். "சேவைக் காசு திரும்பாது, துண்டில எழுதிக் கிடக்கு" என்றார். துண்டில் அப்படி ஒன்றும் இல்லை. இன்றைக்கு வட்ஸ்அப்பில் கணக்கை எழுதி அனுப்பினேன். மத்தியானத்துக்குப் பிறகு என் செய்திகளுக்கு ஒற்றைச் சரிதான் விழுகிறது.

நேற்று இரவு முழுக்க நான் இருந்து வாசித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 இலக்கப் பணிப்புரை. 2004ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒன்றியக் குடிமகனோடு சேர்ந்து வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகிற கணவன் மனைவிக்கு விசா இலவசம், விரைவாகவும் குடுக்கவேணும். விசா இல்லாமல் எல்லைக்கு வந்தால்கூட, உறவை நிரூபிக்க நியாயமான சந்தர்ப்பம் தராமல் திருப்பி அனுப்பக்கூடாது. விமான நிலையத்தில் ஒன்றியக் குடிமக்களின் வரிசையில் கணவரோடேயே நிற்கலாம், அதற்கு ஒருவரின் கடிதமும் வேண்டாம். ஒன்றியத்தின் சொந்த இணையத்தளத்தில் தமிழைத் தவிர எத்தனை மொழியில் கிடக்கிறது. எங்கள் மொழியில் இல்லாத அந்த இடைவெளிக்குள் கடை போட்டு இருந்துகொண்டுதான் எங்கள் ஆட்களே எங்களிடம் பிடுங்குகிறார்கள். வெள்ளைக்காரன் ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பொய் ஹோட்டல் என் பெயரில், என் கையெழுத்தோடு போயிருக்கிறது. அடுத்தமுறை விசாவுக்குப் போட்டால் அது முன்னால் வந்து நிற்குமா என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரரின் பெயர் அந்த விண்ணப்பத்தில் எங்குமே இல்லை.

எல்லாருக்கும் உதவியாக விரிவாக எழுதவேணும் என்றுதான் தொடங்கினேன், விடிய வேலை, முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கோ. கலியாணச் சான்றிதழின் மூலப் பிரதியை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதேங்கோ, எல்லை தாண்டும்போது கையில் இருக்கவேணும். போகாத ஹோட்டலைப் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வாங்கோ. விண்ணப்பத்தில் கணவரின் பாஸ்போட்டை மறைக்கச் சொன்னால் அதற்கு மேல் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, இந்தச் சலுகை கணவரின் சொந்த நாட்டுக்குப் போக இல்லை. எங்களுக்கு பிரான்சுக்குச் சரி, ஜெர்மனிக்குப் போவதென்றால் ஜெர்மனியின் சொந்தச் சட்டம். கணவருக்குப் பிரித்தானியப் பாஸ்போட் மட்டும் என்றாலும் இல்லை. அயர்லாந்துப் பாஸ்போட் என்றால் உண்டு. காசாகக் குடுக்காதேங்கோ. நான் குடுத்த 400க்கு இப்போது ஒரு சாட்சியும் இல்லை.

சிறு வழக்குப் போடலாம், இங்கே 10,000 பவுண்ஸ் வரைக்கும் போடலாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னா. அந்த 285க்கு வங்கிப் பதிவு இருக்கிறது, அதிலிருந்து தொடங்குவம் என்று இவர் சொல்கிறார்.

சான்றிதழ் இன்னும் அந்த லாச்சிக்குள்ளேதான். "தேடி எடுத்து வைக்கிறம், வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றார்கள். வெள்ளி வரைக்கும் நான் பொறுக்கப்போவதில்லை. இவர் நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறார். கடை திறக்கும்போது இரண்டு பேரும் அந்தப் படியில் நிற்போம்.