கேத்தியா, பூம்பாறையா, ஏலகிரியா? மலைத்தோட்டம் பார்க்கக் கிளம்பும் சென்னைக்காரர்களுக்கு

"கேரட் எப்படி விளையுதுன்னு பசங்களுக்குக் காட்டணும்" என்று கிளம்பும் குடும்பங்களில் பாதிப்பேர் முதலில் மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அறை போடுகிறார்கள், அப்புறம்தான் தோட்டம் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்தக் காய், எந்த மாதம் என்று முடிவானால் மலை தானாக முடிவாகிவிடும். அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் வீட்டாட்களே வேலை செய்யும் தோட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. மண்டியில் விலை ஏறினால், நாளை மறுநாள் பிடுங்க வேண்டியதை இன்றைக்கே பிடுங்கி லாரி ஏற்றிவிடுவார்கள்.

கேரட்டுக்கு நீலகிரிதான். அதிலும் கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம். இங்கே பாசன வசதியுள்ள தோட்டங்களில் ஏதாவது ஒரு பாத்தி எப்போதும் அறுவடைக்கு நிற்கும். விதைத்து 100 முதல் 120 நாளில் கிழங்கு எடுப்பார்கள். உருளைக்கிழங்கு அப்படியில்லை. அதற்கு மூன்று போகம்: ஏப்ரல்-மே விதைப்பு கார்போகம், ஆகஸ்ட்-செப்டம்பர் கடைபோகம், ஜனவரி-பிப்ரவரி நீர்போகம். கோடை விடுமுறையில் போனால் நீர்போகக் கிழங்கு தோண்டுவதைப் பார்க்கலாம், பக்கத்துப் பாத்தியில் கார்போகத்துக்கு விதைக்கிழங்கு ஊன்றுவதையும் பார்க்கலாம்.

ஒரு கேரட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாலே அந்தப் பாத்தியின் கதை தெரியும். தோள்பட்டை பச்சையாக இருந்தால் மண் அணைக்கவில்லை, வெயில் பட்டிருக்கிறது. இரண்டு கால் முளைத்த மாதிரி கவைத்திருந்தால் கீழே கல் இருந்திருக்கும், இல்லையென்றால் மக்காத சாணி போட்டிருப்பார்கள். நீளவாக்கில் வெடித்திருந்தால் நாள்கணக்கில் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அல்லது மழை அந்த வேலையைச் செய்திருக்கிறது. இவையெல்லாம் தரம் பிரிக்கும்போதே கழிந்துவிடும். கோயம்பேடு வரை வராது. தோட்டத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும்.

பிடுங்கிய கேரட் மூட்டையாகக் கழுவும் இடத்துக்குப் போகும். சுழலும் உருளைக்குள் கொட்டித் தண்ணீர் பீய்ச்சினால், செம்மண் உருண்டை ஒன்று சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறமாக வெளியே வரும். பிள்ளைகள் இங்கிருந்து நகர மாட்டார்கள். ஆனால் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் வரும். அங்கிருந்து 7.10-க்கு மலை ரயில் பிடித்தால் கேத்தி போய்ச் சேர உச்சிவேளை நெருங்கிவிடும். அதற்குள் பாத்தி காலி. மலை ரயிலை ஒரு நாளும் தோட்டத்தை மறுநாளும் வைத்துக்கொண்டு, முதல் இரவைக் குன்னூரிலோ ஊட்டியிலோ கழியுங்கள். அக்டோபர், நவம்பரில் மண்சரிவால் மலை ரயில் நிற்பதும் உண்டு. அந்த மாதங்களில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பூம்பாறை வேறு ரகம். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், மேல்மலை. சரிவு முழுக்கப் படிப்படியாகக் கட்டிய பாத்திகள். ஊரே தோட்டத்துக்குள் இருக்கிறது. அதனால் தோட்டத்தையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு நீலகிரியைவிட இங்கே அதிகம். இங்கும் கேரட், உருளை, பீன்ஸ் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. மே வாக்கில் ஒரு நடவு, நவம்பர் வாக்கில் இன்னொன்று. நாலு மாதக் கணக்கு. எனவே செப்டம்பரிலும் மார்ச்சிலும் போகிறவர்களுக்கு அறுவடை வாய்க்கும். தாள் மஞ்சளித்துச் சாய்ந்ததும் தாளோடு பிடுங்கிக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கழுத்து நன்றாகக் காயாவிட்டால் உள்ளே அழுகத் தொடங்கும். வாங்கும்போது கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்றிருந்தால் வேண்டாம். கொடைக்கானல் கடைவீதியில் மலைப்பூண்டு என்று விற்பதெல்லாம் மலையில் விளைந்ததல்ல. தோட்டத்து வீட்டில் தாளோடு இருக்கும் கொத்தாகவே கேளுங்கள்.

பூம்பாறையின் சிக்கல் பாதை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியுமுன் கொடைரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து கொடைக்கானல் 80 கிலோமீட்டர், வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள். பிறகு மேல்மலைப் பாதை. மன்னவனூர், கிளாவரை வரை நீட்டுவதாக இருந்தால் பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே நிரப்புங்கள். பேருந்துகள் குறைவு, செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். இரண்டு இரவு தங்க முடியாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

இரண்டு மலைக்குமே சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் நடைமுறை. 2025 ஏப்ரலில் சீசனுக்காக வாகன உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கணக்கு இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

ஏலகிரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜோலார்பேட்டையில் இறங்கி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும். இ-பாஸ் தொல்லையில்லை, ஒரே இரவில் போய்வரலாம். உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், ஊட்டியில் பாதி. ஊட்டியைப் போல ஆண்டு முழுக்கக் குளிர்க்காய் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ உடன் இருந்தால் இது போதும்.

எந்த மலையானாலும் முந்தின நாள் போனில் கேட்க வேண்டியது: "அண்ணே, நாளைக்கு எடுப்பு இருக்கா? மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?" இரண்டாவது கேள்விக்குப் பதில் தெளிவாக இல்லாவிட்டால் பாத்தியில் எதையும் பிடுங்கி அங்கேயே கடிக்க விடாதீர்கள். நடப்பது வாய்க்காலில், பாத்திமேல் கால் வைக்கக்கூடாது. விலை பேரம் வேண்டாம். மண்டி விலைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தாலும் சென்னை விலையைவிட உங்களுக்கு லாபம்தான்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. நீலகிரி உருளைத் தோட்டங்களில் 1961-இல் முட்டைக்கூட்டு நூற்புழு, அதாவது உருளையின் வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு, கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். முட்டைக்கோஸின் வேர்முடிச்சு நோயும் மண்ணோடுதான் பரவும். ஒரு தோட்டத்துச் சேற்றை ஷூவில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கெடுதல். வரப்பிலேயே கழுவிவிட்டு ஏறுங்கள். மலை உருளையை வீட்டுத் தொட்டியில் விதைக்கவென்று சென்னைக்குக் கொண்டுவரவும் கூடாது.

சமையலுக்கு வாங்குவதைக் கழுவாமல் வாங்குங்கள், நாள்பட நிற்கும். கேரட்டின் தழையை அங்கேயே ஒடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும், சென்ட்ரல் வருவதற்குள் கேரட் வதங்கிப்போகும். உருளை சணல் சாக்கில், வெளிச்சம் படாமல். பச்சை படிந்த கிழங்கு வந்தால் தூக்கிப் போடுங்கள்.